மூடாதீர்கள்… முறைப்படுத்துங்கள்!

அமெரிக்கப் பொது நிலங்களில் ஜீப் தடங்களைக் காக்க நடக்கும் போராட்டமும் அதன் நியாயமும்

2023 செப்டம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு புதிய வரைபடம் வெளியானது. மோவாப் என்ற சிற்றூரின் வடமேற்கே, மூன்று லட்சம் ஏக்கர் பரப்பில் கிடக்கும் செம்பாறை நிலத்தில் எந்தெந்த மண் தடங்களில் வண்டி போகலாம், எதில் போகக்கூடாது என்று சொல்லும் வரைபடம் அது. மொத்தம் சுமார் 1,100 மைல் தடங்கள். அதில் 317 மைலுக்கு ஒரே உத்தரவில் கதவடைப்பு. சுற்றுச்சூழல் அமைப்புகள் வரவேற்றன. ஜீப் ஆர்வலர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களுடைய சங்கங்கள் மட்டுமல்ல, யூட்டா மாநில அரசே மேல்முறையீட்டுக்குப் போனது.

ஆளில்லாத பாறைக்காட்டில் ஜீப் ஓட்டுவதற்கு இவ்வளவு பெரிய வழக்கா என்று நமக்குத் தோன்றலாம். நிலத்தின் அளவைப் பார்த்தால் விஷயம் புரியும். அமெரிக்க மத்திய அரசின் கையில் இருக்கும் நிலம் ஏறத்தாழ 64 கோடி ஏக்கர், அதாவது தமிழ்நாட்டைப் போல இருபது மடங்கு. யூட்டாவில் பத்து ஏக்கருக்கு ஆறு ஏக்கர் மத்திய அரசுடையது, நெவாடாவில் எட்டு. தேசியப் பூங்காக்கள் இதில் ஒரு பங்குதான். பெரும்பகுதி நில மேலாண்மைத் துறையிடமும் வனத்துறையிடமும் இருக்கிறது. மாடு மேய்ப்பவர், சுரங்கம் வெட்டுபவர், வேட்டைக்குப் போகிறவர், கூடாரம் போடுகிறவர், மோட்டார் சைக்கிளில் மலையேறுகிறவர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. மேற்கு அமெரிக்காவில் ஒரு தடத்தை மூடுவது என்றால், அந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டு வாசலை அடைப்பது போலத்தான்.

இந்தச் சண்டையை 'இயற்கையா, இன்பச் சுற்றுலாவா' என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அரை நூற்றாண்டு அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது. வண்டித் தடம் திறந்திருப்பதும் நிலம் பிழைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகை ஆக வேண்டியதில்லை. தடத்தைப் பயன்படுத்துகிறவர்களே அதைப் பராமரிக்கப் பணமும் உழைப்பும் கொடுத்து, அரசும் இடம் பார்த்து விதி வகுத்தால், இரண்டும் நடக்கும். நடந்தும் இருக்கிறது.

யுரேனியம் போட்ட பாதை

மோவாப் தடங்கள் உல்லாசப் பயணிகள் போட்டவை அல்ல. 1952-ல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் மோவாபுக்குத் தெற்கே யுரேனியம் கண்டுபிடித்தார். அணுகுண்டுக் காலம்; கிடைத்ததை எல்லாம் அரசே உறுதியான விலைக்கு வாங்கிக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் கதிர்வீச்சு அளக்கும் கருவியும் பழைய ராணுவ ஜீப்புமாக ஆயிரக்கணக்கானோர் அந்தப் பள்ளத்தாக்குகளில் இறங்கினார்கள். புல்டோசர் போன இடமெல்லாம் சாலை. தாது விலை விழுந்ததும் கூட்டம் கலைந்தது, சாலைகள் தங்கிவிட்டன.

1967-ல் மோவாபின் வணிகர் சங்கம் ஈஸ்டர் விடுமுறையில் அந்தச் சாலைகளில் ஜீப் ஊர்வலம் ஒன்றைத் தொடங்கியது. சுரங்கம் போன பிறகு ஊருக்குச் சோறு போட என்ன வழி என்ற கவலையில் பிறந்த யோசனை. ஈஸ்டர் ஜீப் சஃபாரி இன்று உலகெங்கும் ஜீப் ஓட்டிகளுக்குத் தெரிந்த திருவிழா. சுமார் ஐயாயிரம் பேர் வாழும் ஊர், திருவிழா நடக்கும் ஒன்பது நாளில் கொள்ளாது.

மூடப்பட்ட 317 மைலில் 'ஹே ஜோ' பள்ளத்தாக்குத் தடமும் உண்டு. கிரீன் ஆற்றின் கரையோரமாகவே போய், கைவிடப்பட்ட ஒரு பழைய யுரேனியச் சுரங்கத்தில் முடியும் தடம் அது. ஆற்றில் படகு விடுகிறவர்கள், பாறைச் சுவர்களில் மோதித் திரும்பும் இன்ஜின் சத்தம் தங்கள் அமைதியைக் கெடுக்கிறது என்றார்கள். அந்தச் சுரங்கம் எங்கள் வட்டாரத்தின் வரலாறு, அதைப் போய்ப் பார்க்கும் வழியை அடைக்காதீர்கள் என்றார்கள் ஜீப்காரர்கள். இரண்டுமே நியாயமான பேச்சு. முழுதாக மூடுவதற்கும் முழுதாகத் திறப்பதற்கும் நடுவில் எத்தனையோ வழிகள் உண்டு. படகுகள் அதிகம் வரும் மாதங்களில் மட்டும் அடைப்பது, நாளுக்கு இத்தனை வண்டி என்று அனுமதிச்சீட்டு கொடுப்பது, சத்தத்துக்கு வரம்பு வைப்பது என எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம். கதவை அடைப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்பதுதான் தடங்களைத் திறந்து வைக்கக் கேட்பவர்களின் வாதம்.

நிக்ஸன் போட்ட கையெழுத்து

சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது? 1866-ல் வந்த சுரங்கச் சட்டத்தின் ஒரே வாக்கியப் பிரிவு ஒன்று, பொது நிலத்தின் வழியே யாரும் பாதை போடலாம் என்றது. 1976-ல் அது ரத்தானது. ஆனால் அதற்கு முன் போட்ட பாதைகளின் உரிமை செல்லும் என்று விடப்பட்டது. அந்த ஒரு விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு, 12,000-க்கும் மேற்பட்ட பாதைகள் தன்னுடையவை என்று யூட்டா மாநிலம் நீதிமன்றத்தில் நிற்கிறது.

வண்டிகளுக்கான விதி 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்ஸன் பிறப்பித்த உத்தரவில் தொடங்குகிறது. பொது நிலத்தில் எங்கே வண்டி போகலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு துறையும் இடம் பிரித்து அறிவிக்க வேண்டும். மண், நீர், செடிகொடி, காட்டுயிர் ஆகியவற்றுக்கு வரும் கேட்டையும் மற்றப் பயணிகளோடு வரும் மோதலையும் முடிந்தவரை குறைக்க வேண்டும் என்றது அது. 1977-ல் அதிபர் கார்ட்டர் இன்னொரு கடிவாளம் போட்டார்: கணிசமான சேதம் தெரிந்தால் உடனே மூடலாம். 2005-ல் வனத்துறை, ஒவ்வொரு காட்டுக்கும் வண்டித் தட வரைபடம் போட்டு இலவசமாகத் தர வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது. அதில் இல்லாத தடத்தில் ஓட்டினால் குற்றம்.

இந்த உத்தரவுகளில் எதுவும் வண்டியை எதிரியாகப் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1964-ல் வந்த வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம் வேறு வகை. அதன் கீழ் வரும் சுமார் 11 கோடி ஏக்கரில் மோட்டார் கூடாது, சைக்கிள்கூடக் கூடாது. நடந்தோ குதிரையிலோதான் போக வேண்டும். அதை யாரும் மாற்றக் கேட்க வேண்டியதில்லை. மிச்ச நிலத்தில், சட்டமே கொடுத்த இடத்தை நிர்வாக வசதிக்காகத் துண்டு துண்டாகப் பிடுங்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை.

ரூபிகான் சொல்லும் பாடம்

கலிஃபோர்னியாவில், டாஹோ ஏரிக்கு மேற்கே சியரா நெவாடா மலையில் இருக்கிறது ரூபிகான் தடம். 22 மைல், வழி நெடுகக் கருங்கல். 1887-லேயே எல் டொராடோ மாவட்டம் இதைப் பொதுச் சாலை என்று அறிவித்துவிட்டது. அந்தக் காலத்தில் நடுவழியில் ஒரு ஊற்றும், நீராட வருகிறவர்களுக்கு ஒரு விடுதியும் இருந்தன. 1953-ல் மார்க் ஸ்மித் என்பவரும் அவருடைய ஊர்க்காரர்களும் ஐம்பத்தைந்து ஜீப்புகளோடு அதைக் கடந்தார்கள். ஜீப் நிறுவனம் பின்னாளில் தன் வண்டி ஒன்றுக்கு ரூபிகான் என்றே பெயர் வைத்தது.

இந்தத் தடத்தில் வண்டி ஓட்டுவது வேகத்தின் விளையாட்டு இல்லை. முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்போதுதான் ரப்பர் பாறையைக் கவ்விப் பிடிக்கும். மிகக் குறைந்த கியர். நடக்கிறவரின் வேகத்துக்கும் கீழே வண்டி ஊர்கிறது. முன்னால் ஒருவர் இறங்கி நின்று, 'கொஞ்சம் இடம், இன்னும் கொஞ்சம், நிறுத்து' என்று கைச்சாடையில் சொல்கிறார். ஸ்டியரிங் பிடித்தவர் அவர் கையை மட்டுமே பார்க்கிறார். வண்டியின் அடியில் இருக்கும் இரும்புத் தகடு கல்லில் உரசிக் கீச்சிடுகிறது. அந்தத் தகடு இல்லாவிட்டால் ஆயில் தொட்டி கிழியும்.

ஆயிலில்தான் பிரச்சினையும் வந்தது. ஆயில் பாறையில் சிந்தியது. மழையில் தடத்து மண் கரைந்து ஓடைக்குப் போனது. கழிப்பறை இல்லாத மலையில் ஆயிரக்கணக்கானோர் இரவு தங்கினார்கள். 2004-ல் மனிதக் கழிவு தாங்காமல் தடத்தோரமுள்ள ஸ்பைடர் ஏரிக்கரையில் முகாமிடுவதை மாவட்ட நிர்வாகம் தடை செய்தது. 2009-ல் நீர்வளத் தர வாரியம், மாவட்டத்துக்கும் வனத்துறைக்கும் சேர்த்து 'சுத்தம் செய்யுங்கள்' என்று உத்தரவு போட்டது. தடமே மூடப்படும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஜீப் சங்கங்கள் நீதிமன்றத்துக்கு மட்டும் ஓடவில்லை. மண்வெட்டியோடு மலைக்கும் போனார்கள். மழைநீர் தடத்தை அரிக்காமல் பக்கவாட்டில் வடிய வாய்க்கால் வெட்டினார்கள். ஓடையில் இறங்கிப் போகாமல் இருக்கப் பாலம் வந்தது. கழிப்பறை வந்தது. தடத்தின் வாசலில் தன்னார்வலர்கள் நின்று, கழிவை அடைத்து எடுத்து வரும் பையைக் கையில் கொடுத்தார்கள். சிந்திய ஆயிலை உறிஞ்சும் துணியும் திண்டும் அடங்கிய பை வண்டியில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 2012-ல் வனத்துறை, தன் நிலத்தின் வழியே போகும் தடத்துக்கான உரிமையை முறைப்படி மாவட்டத்துக்கு எழுதிக் கொடுத்தது. மூடப்படும் என்று நினைத்த தடம் இன்றும் திறந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியா 1971-லேயே இதற்கு ஒரு சட்டம் செய்துவிட்டது. சாலைக்கு வராத வண்டிக்கும் பதிவு கட்டாயம். அந்தக் கட்டணமும், காட்டுத்தடத்தில் எரியும் பெட்ரோலுக்கான வரியில் ஒரு பங்கும் தனி நிதியாகச் சேரும். அதிலிருந்து தடம் செப்பனிடவும், மண் அரிப்பைத் தடுக்கவும், காவலர் சம்பளத்துக்கும், கெட்டுப்போன இடத்தில் செடி நடவும் மானியம் கிடைக்கும். ரூபிகானுக்கும் கிடைத்தது. 2017-ல் இந்தத் திட்டத்தைக் காலவரம்பு இல்லாமல் நிரந்தரமாக்கினார்கள். நடைபயணிகள் இதுபோல் தங்கள் காலணிக்கு வரி கட்டுவதில்லை. வண்டிக்காரர்கள் கட்டுகிறார்கள். அதைச் சொல்லிக் காட்டுவது அவர்கள் உரிமை.

எதிர்த்தரப்பின் நியாயம்

வண்டியால் கேடே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. மோவாப் நிலத்தில் பாறைக்கு நடுவே கறுத்துப் புடைத்துக் கிடக்கும் மண்ணைக் குனிந்து பார்த்தால், அது வெறும் மண் இல்லை என்று தெரியும். நுண்ணுயிரிகளும் பாசியும் கற்பாசியும் சேர்ந்து மணலைப் பின்னிக் கட்டிய மேலோடு அது. காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைப்பதும், மழை நீரைத் தேக்குவதும் அதுதான். ஒரு டயர் ஏறினால் நொறுங்கும். மீண்டும் முழுதாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஒரு காலடி பட்டாலும் இதே கதி.

கலிஃபோர்னியாப் பாலைவனத்தின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகாஸ் வரை ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் 1967-ல் தொடங்கியது. 1974-ல் மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். புழுதியும் சேதமும் பார்த்து மிரண்ட அரசு, அடுத்த சில ஆண்டுகள் அனுமதி தரவில்லை. 1983-ல் மறுபடி தொடங்கிய பந்தயம் 1989-ஓடு நின்றது. அடுத்த ஆண்டு அந்தப் பாலைவனத்தின் ஆமை, அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிர்கள் பட்டியலில் ஏறிவிட்டது. அந்தப் பந்தயத்தைத் திரும்பக் கேட்பதில் நியாயமில்லை. ஆயிரம் வண்டிகள் திறந்தவெளியில் பரவி ஓடுவது வேறு. ஒரு குடும்பம் ஏற்கெனவே இருக்கிற தடத்தில் ஊர்ந்து போவது வேறு. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் பேச்சு முறிந்து போகிறது.

மோவாபிலேயே இதற்கு வழி காட்டிய தடம் ஒன்று உண்டு. 1969-ல் நில மேலாண்மைத் துறை மோட்டார் சைக்கிள்களுக்காக ஸ்லிக்ராக் தடத்தைப் போட்டது. மண்ணைத் தவிர்த்து, வெறும் மணற்பாறையின் மேலேயே வெள்ளைக் கோடு கோடாகப் பெயின்ட் அடித்து வழி காட்டினார்கள். பாறைக்கு டயர் ஒரு பொருட்டில்லை. ஓட்டுகிறவர் கோட்டை விட்டு விலக அவசியமுமில்லை. பின்னாளில் உலகின் புகழ்பெற்ற மலைச் சைக்கிள் தடமாக அது மாறியது. மோட்டார்காரர்களுக்காகப் போட்ட வழி சைக்கிள்காரர்களுக்கும் உதவியது.

பங்கிட்டுக்கொண்ட பாலைவனம்

சண்டையை முடித்து வைக்க முடியும் என்பதற்கு ஜான்சன் வேலி சாட்சி. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஏறத்தாழ 1,90,000 ஏக்கர் திறந்த ஓட்டுநிலமாக இருந்தது. 2007-ல் ஒரு சில நண்பர்கள் தொடங்கிய 'கிங் ஆஃப் த ஹேமர்ஸ்' பந்தயம், காய்ந்த ஏரிப்படுகையில் ஆண்டுக்கொரு முறை ஒரு தற்காலிக நகரமே எழும்பும் அளவுக்கு வளர்ந்தது. பக்கத்தில் இருக்கும் மரைன் படையின் பயிற்சித் தளம், டாங்கிப் பயிற்சிக்கு அந்த நிலத்தைக் கேட்டது. பெரும்பகுதி போய்விடும் நிலை.

ஜீப் சங்கங்கள் நாடாளுமன்றம் வரை ஏறி இறங்கின. 2013 டிசம்பரில் கையெழுத்தான பாதுகாப்புச் சட்டத்தில் சமரசம் பிறந்தது. ஒரு பகுதி ராணுவத்துக்கு. ஒரு பகுதி முழுநேரமும் மக்களுக்கு. நடுவில் ஒரு பகுதி பகிர்வு நிலம், ஆண்டுக்கு இருமுறை பயிற்சி நடக்கும், மற்ற நாள்களில் ஜீப் ஓடும்.

2019 மார்ச்சில் இன்னொரு சட்டம் வந்தது. அதே கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் சுமார் 3,75,000 ஏக்கர் வண்டி நுழையாத வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, ஜான்சன் வேலி உட்பட ஆறு ஓட்டுநிலங்களை நிரந்தரமாக வண்டிகளுக்கு ஒதுக்கியது. ஆமைக்காரர்களும் ஜீப்காரர்களும் ஒரே மசோதாவுக்கு ஆதரவு தேட முடிந்தது, இருவருக்கும் எழுத்தில் ஏதோ கிடைத்ததால்தான்.

நாடாளுமன்றச் சட்டத்துக்கும் அதிபர் உத்தரவுக்கும் இருக்கும் வித்தியாசம் இங்கே தெரிகிறது. யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் நிலத்தை 2016-ல் ஒபாமா தேசிய நினைவிடம் ஆக்கினார். 2017-ல் டிரம்ப் சுருக்கினார். 2021-ல் பைடன் பழையபடி விரித்தார். ஆட்சிக்கு ஆட்சி எல்லைக்கல் நகர்ந்தால் ஜீப்காரரும் நிம்மதியாக இருக்க முடியாது, மானும் நிம்மதியாக இருக்க முடியாது.

யாருக்காக இந்த வழி?

தோளில் பத்து கிலோ மூட்டையோடு பதினைந்து மைல் நடக்க எல்லோராலும் ஆகாது. முழங்கால் போன எழுபது வயதுக்காரர், சக்கர நாற்காலியில் இருக்கும் முன்னாள் ராணுவ வீரர், கைக்குழந்தையோடு இருக்கும் தாய் ஆகியோருக்கும் அந்த நிலத்தில் சமபங்கு உண்டு. அவர்களைப் பள்ளத்தாக்கின் விளிம்பு வரை கொண்டு போவது அந்த மண் தடமும் ஒரு நான்கு சக்கர வண்டியும்தான். தடத்தை மூடும்போது உடல் வலுவுள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கும். மற்றவர்களுக்கு அதோடு முடிந்தது.

பிழைப்பும் இதில் இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறையின் கணக்குப்படி, 2023-ல் திறந்தவெளிப் பொழுதுபோக்கு அந்த நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம், சுமார் 50 லட்சம் வேலைகள். இந்தக் கணக்கில் மீன்பிடி, படகு, பனிச்சறுக்கு என எல்லாமே அடங்கும். வண்டிகளும் அதில் ஒரு பங்கு. சுரங்கம் மூடிய ஊர்களில் மெக்கானிக் கடையும் விடுதியும் நடப்பது இந்தப் பங்கினால்தான்.

நிலம் பொதுவில் இருக்க வேண்டும் என்பதற்குக் குரல் கொடுக்க ஆள் வேண்டும் என்பதும் தடங்களைத் திறந்து வைக்க ஒரு காரணம். 2025 ஜூனில், மேற்கு மாநிலங்களில் இருபது, முப்பது லட்சம் ஏக்கர் பொது நிலத்தை விற்கும் யோசனையை யூட்டாவின் செனட்டர் மைக் லீ பட்ஜெட் மசோதாவில் கொண்டுவந்தார். வேட்டைக்காரர், தூண்டில்காரர், நடைபயணி என்று கட்சி பேதம் இல்லாமல் எதிர்ப்பு கிளம்பியது. அவருடைய கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். மாதம் முடிவதற்குள் யோசனை வாபஸ். ஒரு நிலத்தில் கால் வைத்தவன்தான் அது விலை போகும்போது வீதிக்கு வருவான். பூட்டி வைத்த நிலத்துக்காகப் பேச யார் வருவார்கள்?

இனி என்ன?

அமெரிக்கச் சட்டப்படி மோவாப் வரைபடம் போன்ற ஒரு திட்டம் போடும்முன் அதன் விளைவுகளை ஆராய்ந்து, மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வரும் கடிதங்களை அதிகாரிகள் வாக்குகளாக எண்ணுவதில்லை. 'மூடாதே' என்று பத்தாயிரம் பேர் ஒரே வாசகத்தை அனுப்பினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 'இந்த எண் தடத்தில் போனால்தான் இந்தக் காட்சி முனைக்குப் போக முடியும், வேறு வழியில்லை; ஓடை கடக்கும் இடத்தில் கல் பாவினால் அரிப்பு நிற்கும்' என்று ஒருவர் படத்தோடு எழுதினால், அதைத் துறை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சங்கங்கள் இன்று உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இந்தக் கலையைத்தான்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒரு தடத்தை மூடுவதாக இருந்தால், அந்தத் தடத்தில் என்ன கெட்டது என்று காட்டிவிட்டு மூடட்டும். வரைபடத்தில் கொத்தாகக் கோடு அழிக்க வேண்டாம். பருவ அடைப்பு, அனுமதிச்சீட்டு, சத்த வரம்பு போன்ற இடைவழிகளைச் செய்து பார்த்து, பலிக்காவிட்டால் மட்டும் கதவடைக்கட்டும். வண்டிக்காரர் கட்டும் கட்டணம் தடத்துக்கே திரும்பி வரும்படி கலிஃபோர்னியாவைப் போல மற்ற மாநிலங்களும் நிதி வைக்கட்டும்.

வண்டிக்காரர்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. கோட்டைத் தாண்டிப் பசுமண்ணில் சக்கரத்தைச் சுழற்றிப் படம் பிடித்துப் போடுகிற ஒரு ஆள், நூறு தன்னார்வலர்களின் உழைப்பை ஒரே நாளில் கெடுத்துவிடுகிறான். அவனைச் சங்கத்தார்தான் முதலில் கண்டிக்க வேண்டும். 2023 முதல் காட்டுத்தட வண்டி ஓட்டும் பெரியவர்களும் பாடம் படித்துச் சான்று பெற வேண்டும் என்று யூட்டா விதி செய்திருக்கிறது. அதைச் சுமையாக நினைக்காமல் கவசமாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ரூபிகானைக் காப்பாற்றியது வழக்கறிஞர்களின் வாதம் மட்டும் இல்லை, கழிவுப்பையும் மண்வெட்டியும்தான். மோவாபின் 317 மைலில் எத்தனை மைல் திரும்பக் கிடைக்கும் என்பதும், ஜீப்காரர்கள் அந்தப் பாறைநிலத்துக்கு எதைக் கொண்டு போகிறார்கள் என்பதைப் பொறுத்ததுதான். பையும் மண்வெட்டியும் கொண்டு வருகிறவர்களுக்கு அரசு வழி விட வேண்டும்.